மூல ஒப்பந்தம்

ஹலோ... சொல்லுக்கா. நல்ல நேரத்துல கூப்பிட்ட. சாயங்காலம் விருது விழா, பேச்சு எழுதிக்கிட்டிருக்கேன். முதல் வரியைக் கேளு. ‘சம்மதம் என்பது மனிதகுலம் கண்டெடுத்த மிகப் புனிதமான சொல். அதை நானூறு இணையதளங்களுக்குப் பொதுவாக்கியது நான் எழுதிய மூல ஒப்பந்தம்...’

ம்?... என்ன மூலம்?... அந்த மூலம் இல்லக்கா, இது வந்து... இரு இரு. மாமா படமா? மூலக் களிம்பு விளம்பரத்துலயா?

...பள்ளிக்கூடத்துக்கு எதிர்த்த பஸ் ஸ்டாப்பிலயேவா... எவ்வளவு பெருசு?... ஐயையோ.

எந்தப் படம்?... இடுப்புப் பிடிப்போட நாற்காலில உட்காரும்போது மூஞ்சியைச் சுளிச்சாரே, அதா... ஆமா ஆமா, நானும்தான் சிரிச்சேன். நீதானே அதை ஏதோ படம் போடற தளத்துல ஏத்தின?... குத்தம் சொல்லலக்கா... சொல்லல.

...மூணு நாளா லீவா? பசங்க ‘களிம்பு சார்’ங்கறாங்களா... ராஜினாமாவா? எழுதியே வெச்சுட்டாரா? அதை எங்கயாவது ஒளிச்சு வை.

...கேஸ் போடலாம்தான். ஆனா நீ ஏத்தும்போது சம்மதம்னு அழுத்தியிருக்கியே. ஒப்பந்தத்தைப் படிச்சியா?... யாரும் படிக்க மாட்டாங்கதான். அதை நம்பித்தானே... ஒண்ணுமில்ல. உன் படத்தை அவங்க எதுக்கெல்லாம் போட்டுக்கலாம்னு பதினாலாம் பிரிவுல இருக்கு, படி... ‘அழைப்பிதழ், நாட்காட்டி, வாழ்த்து அட்டை மற்றும் இன்னபிற’... ம். அந்த ‘இன்னபிற’லதான் களிம்பு வருது.

...அக்கா, எழுதினவனை அப்படியெல்லாம் திட்டாத. அவனுக்கும் அக்கா தங்கச்சி இருக்கும்... எனக்கு எப்படித் தெரியும்னா... ஆமா. நான்தான். நான் எழுதினது ஒண்ணே ஒண்ணுதான்க்கா, மிச்சத்தையெல்லாம் மெஷின் அதைப் பார்த்துப் போட்டது...

...அழாதக்கா. மாமாகிட்ட போனைக் குடுக்காத... அவர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்... சரி, கேளு. கடைசிப் பக்கத்துல குறைதீர்க்கும் அதிகாரின்னு ஒரு ஈமெயில் இருக்கும். அவர் ஒரு வரி எழுதினாப் போதும், அன்னிக்கே விளம்பரத்தை எடுத்துருவாங்க...

...பதினோரு தடவை எழுதிட்டியா?... பதிலே வரலையா... யார் அந்த அதிகாரின்னு விசாரிக்கணுமா...

விசாரிக்க வேண்டாம்க்கா. மாதிரிக்கு ஏதாவது ஒண்ணு போடணுமேன்னு என் பழைய ஈமெயில் முகவரியைப் போட்டேன். மாத்த மறந்துட்டேன். நானூறுலயும் அதுவே போயிருச்சு.

...இப்பவே திறந்து எழுதலாம்தான்...

பாஸ்வேர்ட் மறந்து ரெண்டு வருஷம் ஆச்சு.