பதினோரு ஆண்டுகளும் நாற்பத்தொரு பற்களும்

அன்பின் உறைவிடமே, அடக்கத்தின் அணிகலனே, கடமையே கண்ணெனக் கொண்ட கண்ணியரே, முப்பத்து நான்கு ஆண்டுகள் முத்து முத்தான கையெழுத்தால் மாற்றுச் சான்றிதழ்களுக்கு மணம் சேர்த்த மாண்பாளரே, சித்திரை வெயிலிலும் சட்டைக் கைப்பொத்தானைக் கழற்றாத சீராளரே, எங்கள் பள்ளியின் எழுத்தர் திருமிகு கிறிஸ்துராஜ் அவர்களே!

மேற்கண்டவற்றில் மாற்றுச் சான்றிதழும் பொத்தானும் மட்டுமே எங்கள் சொந்தச் சரக்கு. மற்றவை நைனா முகமது அச்சகத்தில் எப்போதும் தயாராக இருக்கும் மடலில் உள்ளவை. பெயர், பதவி, தேதி மூன்றையும் மாற்றினால் திண்டுக்கல்லில் யாரை வேண்டுமானாலும் அதைக் கொண்டு வழியனுப்பிவிடலாம். நாங்களும் அதையே உரத்து வாசித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கையில் கொடுத்து, வடை தின்று கலைந்திருப்போம். கெடுத்தது அந்த மடலின் நான்காம் வரி: 'மதுவின் வாடை அறியா மாணிக்கமே'.

சபையோர் பொறுத்தருள வேண்டும். இனிச் சற்று நேரம் அவரை 'அவர்' என்றே சொல்லப் போகிறோம். முகத்துக்கு நேரே சொன்னால் எழுந்து போய்க் கோப்புகளை அடுக்க ஆரம்பித்துவிடுவார்.

பள்ளிக்காக அச்சாகும் எந்தத் தாளும் கிறிஸ்துராஜின் சிவப்பு மைக்குத் தப்பியதில்லை. தன்னை வழியனுப்பும் மடலின் புரூஃபையும் அவரேதான் திருத்த உட்கார்ந்தார். வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாது. நான்காம் வரி வந்ததும் பேனாவை மூடி வைத்தார். விழாக் குழுத் தலைவரான விலங்கியல் ஆசிரியர் பொன்னழகுவைக் கூப்பிட்டு, இதை வாசித்தால் மேடைக்கு வரமாட்டேன் என்றார்.

பொன்னழகு பதறிப்போனார். வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள், பழைய கதை எதற்கு என்று குழு கூடி, காபி குடித்து, நல்லெண்ணத்தோடு விட்டுவைத்த வரி அது.

"மரியாதைக்குத்தான சார் போட்டுருக்கு?"

"குடிச்சேன், விட்டேன். எனக்கு இருக்கற மரியாதையே அம்புட்டுத்தேன் சார். அத அடிச்சுட்டா, பதினோரு வருசமா நான் பல்லா புடுங்கிக்கிட்டு இருந்தேன்?"

பல் விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். ஆண்டு 1994. மனைவி ஐரின், மகள் ஷைனியை அழைத்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. ஜூன் மாதம், மாற்றுச் சான்றிதழ்கள் எழுதும் காலம். ஒரு மதியம் தலைமையாசிரியரின் கையெழுத்துக்கு அவர் வைத்த கட்டுக்குள், ஒரு தாளில் மாணவர் பெயருக்கான இடத்தில் 'கிறிஸ்துராஜ்' என்றும், நடத்தைக்கு நேரே 'மோசம்' என்றும், விலகும் காரணத்துக்கு நேரே 'யாருக்கும் உபயோகமில்லை' என்றும் இருந்தது. எழுத்து மட்டும் வழக்கம்போல் முத்து முத்தாக. தலைமையாசிரியர் அதில் கையெழுத்திடவில்லை. விடுப்பு விண்ணப்பம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

வடமதுரைக்கு அப்பால் ஒரு தோட்டத்துக்குள், குடியிலிருந்து மீள வருகிறவர்களுக்கான சிகிச்சை இல்லம். அங்கே இருபத்தெட்டு நாள் இருந்தார். விடுப்புக் கடிதத்தில் மஞ்சள் காமாலை என்று எழுதினார். பிறகு சனிக்கிழமைதோறும் அரை நாள் அனுமதி வாங்கிக்கொண்டு ஆலோசகரைப் பார்க்கப் போனார். மனசுக்கு வைத்தியம் என்று எழுதினால் ஊரில் என்ன பெயர் வைப்பார்கள் என்று தெரிந்தவர் என்பதால், 'பல் பிடுங்க' என்று எழுதினார். நாற்பத்தொரு சனிக்கிழமை, நாற்பத்தொரு பல். மனிதனுக்கு முப்பத்திரண்டுதான் என்று பாடம் நடத்தும் பொன்னழகு உட்பட நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது நாகரிகம் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். அது சோம்பல், கொஞ்சம் பயமும்.

ஆலோசகர் சகாயசெல்வி, அவரைவிட இருபது வயது இளையவர். குடிக்காத மாலைகளில் மனதில் என்ன தோன்றுகிறது என்று நேரம் போட்டு நோட்டில் எழுதி வரச் சொன்னார். கிறிஸ்துராஜ் அலுவலக முறைப்படி எழுதிக்கொண்டு போனார். 'மாலை 6.10: ஒன்றுமில்லை. 6.40: மேற்படி. 7.15: மேற்படி.' வாரம் முழுக்க மேற்படிதான். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"இந்த ஆறு மணிக்கு வீட்டுல யாரு சார் இருப்பா?" என்று கேட்டார்.

"யாரும் இல்லம்மா. அதத்தான் எழுதியிருக்கேன்."

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவருக்கு நாற்பத்தேழு வயதாகியிருந்தது. சொன்ன பிறகு வெகுநேரம் அழுதாராம். இதையெல்லாம் அவர் எங்களிடம் சொன்னது போன வாரம்தான், பொன்னழகு முன்னால், புரூஃபை மேசையில் வைத்துக்கொண்டு.

குடியை விட்டால் போனவர்கள் திரும்பி வருவார்கள் என்பது மேடைப் பேச்சு. ஐரின் வரவில்லை. 2001இல் ஷைனியின் திருமண அழைப்பு பள்ளி முகவரிக்கு வந்தது. உறையின் மேல் 'ஆசிரியர்கள் மற்றும் அலுவலர்கள்' என்று இருந்தது. அதைப் பிரித்து, தபால் பதிவேட்டில் ஏற்றி, எங்கள் பார்வைக்குச் சுற்றில் விட்டவர் கிறிஸ்துராஜ். நாங்கள் வேன் பிடித்துப் போய் வயிறாரச் சாப்பிட்டு வந்தோம். அவர் பள்ளியிலேயே இருந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டார். நீங்களும் அலுவலர்தானே, வாருங்கள் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. மறுநாள் சாப்பாடு எப்படி என்று மட்டும் கேட்டார். நன்றாக இருந்தது என்றோம். அந்த மாலையும் அவர் குடிக்கவில்லை. எங்களில் மூவர் வேனிலேயே குடித்திருந்தோம்.

சரி, என்னதான் எழுத வேண்டும் என்று பொன்னழகு கேட்டார்.

"தனியாத்தேன் கெடந்து விட்டேன் சார். ஒருத்தராச்சும் பாத்தோம்னு எழுதுங்க. போதும்."

ஆகவே, கிறிஸ்துராஜ் அவர்களே, எழுதுகிறோம். பார்த்தோம். சனிக்கிழமைகளில் பேருந்து நிலையத்தில் டிபன் டப்பாவோடு நீங்கள் தனியே நின்றதைத் தமிழாசிரியை புவனேஸ்வரி பார்த்தார். பூக்காரி பக்கம் திரும்பிக்கொண்டார். தெருவுக்குத் தெரு மதுக்கடை வந்த பிறகு, பத்து நிமிட நடையில் இருக்கும் வீட்டுக்கு நீங்கள் முக்கால் மணி நேரம் சுற்றிப் போனதை அலுவலக உதவியாளர் மொக்கைச்சாமி பார்த்தார், சைக்கிளை நிறுத்தவில்லை. விருந்துகளில் சோடாவோடு செத்த நேரம் உட்கார்ந்துவிட்டு நீங்கள் எழுந்து போனதை எல்லாரும் பார்த்தோம். கஞ்சன் என்று பேசிக்கொண்டோம். இந்தச் சபையின் முன் அதற்கு வருந்துகிறோம்.

நூறாண்டு வாழ்க என்று முடிக்கச் சொல்கிறது அச்சக மடல். இன்னும் நாற்பத்திரண்டு ஆண்டு மாலைகளைத் தனியே கழிக்கச் சொல்லும் அந்த வாழ்த்தை வழங்க எங்களுக்குக் கை வரவில்லை. உடல் நலமும், நல்ல உறக்கமும், பேச்சுத் துணையும் உங்களுக்கு வாய்க்கட்டும்; ஆண்டுக் கணக்கை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஓய்வு பெறுகிறவரை மாலையோடு அழைத்துப்போய்க் குடும்பத்தாரிடம் ஒப்படைப்பது நம் பள்ளி வழக்கம். உங்கள் வீட்டில் ஏற்றுக்கொள்ள ஆள் இல்லை என்பதால் நாங்களே கொஞ்சம் உட்கார்ந்திருப்போம். நாளை மாலை வரமாட்டோம். அவரவர்க்கு வீடு இருக்கிறது. வருவோம் என்று எழுதினால் அதையும் நீங்கள் சிவப்பு மையால் அடிப்பீர்கள்.

ஒன்றை மட்டும் சொல்ல உரியவர் அனுமதி தந்திருக்கிறார். அச்சக மடலை நீங்கள் மறுத்த அன்று சாயங்காலம், கீழே கையெழுத்திட்ட பதினெட்டுப் பேரில் ஒருவர் உங்கள் மேசைக்கு வந்து, வடமதுரை வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டார். எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை.

"எட்டேகாலுக்கு. சனிக்கெழம நானும் வாரேன், சேந்து போவோம்" என்றீர்கள்.

இங்ஙனம்,
உங்களைப் பார்த்துக்கொண்டிருந்த
ஆசிரியர்கள், அலுவலர்கள்
திண்டுக்கல், 31.5.2005