நீல மூடி டப்பாவும் நாற்பத்து மூன்று பைகளும்

— சத்தியமா சொல்றேன்மா. இப்போ நான் சொல்லப்போறதுல ஒரு எழுத்து பொய்யா இருந்தா, என்னையும் இதே சிங்க்குல ஊத்தித் தண்ணியத் திறந்து விட்டுடு. அதுவரைக்கும் அந்தக் கத்தரிக்கோலைக் கீழ வை.

— வழி விடுங்க பெரிய மாமா. தாய்ப்பால் பை மொத்தம் நாப்பத்தி மூணு இருக்கு. ஒவ்வொண்ணா வெட்டி ஊத்தணும்.

— ரெண்டு மாசமா பம்ப் வச்சு எடுத்துச் சேத்தது. போன்ல வந்த ஒரு மெசேஜுக்காகவா கொட்டுவாங்க?

— அனுப்பினதே உங்க தம்பி மகதான். படிக்கிறேன், கேளுங்க. "பிளாஸ்டிக்கில் உணவை உறைய வைத்தால் அதிலிருந்து நஞ்சு கிளம்பும். சூடாக்கினால் இரட்டிப்பாகும். குழந்தைகளின் எலும்புக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும்." போன வாரம் ஒத்திகை பாக்கலாம்னு பாப்பாவுக்கு ரெண்டு பை குடுத்துட்டேன் மாமா. என் கையாலயே.

— குடிச்சிட்டு என்ன பண்ணுனா?

— நல்லாத் தூங்குனா.

— அப்புறம் என்ன?

— அதான் பயமா இருக்கு. எப்பவும் அப்படித் தூங்க மாட்டா.

— வயிறு நிறைஞ்சா நான்கூடத்தான் தூங்குறேன். என்னை யாரும் சந்தேகப்படலையே. அந்த நர்ஸம்மாவைக் கேட்டியா?

— கேட்டேன். ஊசி போட்டுட்டு இருக்காங்களாம். கால் மணி நேரத்துல கூப்பிடுறேன்னாங்க.

— அப்போ கால் மணி நேரம் எல்லாம் ஃப்ரீசருக்குள்ளயே இருக்கட்டும். வெளிய எடுத்ததையும் உள்ள வை. கதவைச் சாத்து. குளிர்கிடங்குல வேலை பாத்த உடம்பு இது, கதவு திறந்திருந்தா நெஞ்சு அடிச்சுக்கும்.

— நீங்க எப்போ குளிர்கிடங்குல வேலை பாத்தீங்க?

— நீ இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி.

— நான் வந்தே ரெண்டு வருஷந்தான் ஆச்சு.

— அதுக்கும் முன்னாடி. கேளு. ஒரு மேனேஜர் இருந்தாரு. பேச்சே கிடையாது, முறைப்பு மட்டுந்தான். அவரு ஒருநாள் வீட்ல இருந்து கொண்டுவந்த சூப்பை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல ஊத்தி, நீல மூடி போட்டு, "என்னுடையது, தொடாதே"ன்னு எழுதி, மூணாம் நம்பர் அறையில வச்சாரு. மறுநாளே அவருக்கு மாற்றல்.

— டப்பாவை விட்டுட்டுப் போயிட்டாரா?

— தொடாதேன்னு எழுதியிருக்கே, யாரு தொடுவா? அடுத்து வந்தவருக்குச் சரக்குப் பட்டியல் ஒப்படைச்சாங்க. மீன் பெட்டி இருநூறு, பட்டாணி மூட்டை தொண்ணூறு, நீல மூடி டப்பா ஒண்ணு. அவரு கையெழுத்துப் போட்டாரு. போட்டாச்சுன்னா அது கிடங்குச் சொத்து. இப்படியே நாலு மேனேஜர், பத்தொம்பது வருஷம். வருஷத்துக்கு ஒருதரம் ஆடிட்டர் வந்து, தொப்பியைக் கழட்டிட்டு, டப்பாவை எட்ட நின்னு பாத்துட்டுப் போவாரு.

— மாமா, எனக்குச் சிரிக்கிற தெம்பு இல்ல.

— நானும் சிரிக்கலையே. ஒருநாள் மெஷின் பழுதாகிக் குளிர் தாறுமாறா இறங்கிடுச்சு. தகர டின்னெல்லாம் வாயைப் பொளந்துது. மரப்பெட்டி விரிஞ்சுது. டப்பா மட்டும் அசையல. புது மேனேஜர் தைரியசாலி, திறங்கடான்னுட்டாரு. பதினெட்டு பேரு மூச்சைப் பிடிச்சுட்டு நின்னோம். மூடியை எடுத்தா, உள்ள ஒரு பட்டாணி தெரியுது. அப்படி ஒரு பச்சையை நான் அதுக்கு முன்னயும் பாத்ததில்ல, பின்னயும் பாத்ததில்ல. நாங்க எல்லாம் கிழவனாயிட்டோம். அந்தப் பட்டாணிக்கு ஒருநாள்கூட வயசாகல.

— சரி, யாரு சாப்பிட்டா?

— வாட்ச்மேன். எழுபது வயசு, முட்டிவலி. ஒரு கரண்டி குடிச்சாரு. அன்னிக்கு அவரு பஸ்ஸுக்கு நிக்கல, பஸ்ஸை முந்திட்டுப் போனாரு. எட்டு டாக்டருங்க வந்து சோதிச்சாங்க. விஷம் துளிகூட இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு, மிச்சத்தை அவங்களே குடிச்சுட்டாங்க.

— போதும் மாமா. நீங்க கதை விட்டே பத்து நிமிஷத்தை ஓட்டிட்டீங்க. நாளன்னிக்கு எனக்கு டூட்டி. துறைமுகத்துல கிரேன் மேல ஏறிட்டா, எட்டு மணி நேரம் இறங்க முடியாது. பவுடர் பாலைக் குடுத்தா என் மூஞ்சியிலயே துப்புறா. இதை ஊத்திட்டா பிள்ளைக்குப் பட்டினி. ஊத்தலைன்னா விஷம். எனக்கு எதுன்னு சொல்லுங்க, பட்டாணி வேண்டாம்.

— அந்தப் பையை இப்படிக் குடு. ஊத்த மாட்டேன், குடு. வெளிச்சத்துல பாக்குறேன். அடேயப்பா. என்னமா இது, நிலாவைத் துண்டு போட்டு அடுக்கின மாதிரி இருக்கு! மேல மஞ்சளா ஒரு கோடு ஓடுதே?

— அது கொழுப்பு. ஓரத்துல தேதி இருக்கு பாருங்க. அன்னிக்குத்தான் அவ முதல்முதலா என்னைப் பாத்துச் சிரிச்சா.

— இது?

— அது எனக்கு ஜுரம் அடிச்ச நாள். அரைப் பைதான் வந்துச்சு. அதையும் விடலை.

— எல்லாத்தையும் இந்த ஒரு உடம்பா பண்ணுச்சு?

— வேற யாரு உடம்பு மாமா?

— இல்லம்மா. ஆயிரம் பொய் சொன்ன வாயி. இதுக்கு ஒண்ணு தோண மாட்டேங்குது.

— போன் அடிக்குது. நர்ஸம்மாதான். ஸ்பீக்கர்ல போடுறேன். ஹலோ, நர்ஸம்மா!

— சொல்லும்மா. மெசேஜைப் பாத்தேன். சுத்த வதந்தி, சரியா? உறைய வச்சா விஷம் கிளம்பும்கிறதுக்கு ஆதாரமே கிடையாது. உங்க பை பாலுக்குன்னே செஞ்ச பைதானே?

— ஆமா, நீங்க சொன்ன பைதான்.

— அப்போ பயப்படாதீங்க. சூடு பண்றதுலதான் கவனம், சரியா? கண்ட டப்பாவுலயும் போட்டுச் சுட வைக்கிறது நல்லதில்ல, அது வேற பேச்சு. பாலை மைக்ரோவேவ்ல வைக்கவே வைக்காதீங்க. ஒரு பக்கம் கொதிக்கும், ஒரு பக்கம் ஆறியிருக்கும், பிள்ளை வாய் வெந்துடும். வெதுவெதுப்பான தண்ணிக் கிண்ணத்துல பையை வச்சா போதும்.

— போன வாரம் ரெண்டு பை குடுத்தேனே?

— நல்ல பாலைக் குடுத்திருக்கீங்க. வேற என்ன?

— அய்யோ, நர்ஸம்மா.

— அழாதம்மா. நீங்களாவது ஊத்துறதுக்கு முன்னாடி கேட்டீங்க. இந்த மாசம் இதே மெசேஜுக்கு நீங்க பதினோராவது ஆளு. ஒரு பொண்ணு அறுபது பையையும் கொட்டிட்டுதான் எனக்குப் போன் பண்ணுச்சு. அந்தக் கவலையிலயே அதுக்குப் பால் வத்திப்போச்சு, சரியா?

— எந்தப் பொண்ணும்மா அது? வீடு எங்க?

— யாரு பேசுறது?

— எங்க பெரிய மாமா.

— அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது பெரியவரே. வைக்கிறேன்மா, இங்க மூணு பிள்ளைங்க ஒண்ணா கத்துது.

— கேட்டீங்களா மாமா? நல்ல பாலாம்! நாப்பத்தி மூணும் நல்ல பாலு! என்ன, போனையே பாத்துட்டு நிக்கிறீங்க? உக்காருங்க.

— அறுபது பைன்னு சொன்னாங்களா?

— ஆமா, பாவம். இப்படி ஒண்ணை எந்த மகராசன் உக்காந்து எழுதுனானோ. என் கையில கிடைக்கணும், கிரேன் கொக்கியில மாட்டிக் கடலுக்கு மேல தொங்க விட்டுடுவேன்.

— குளிர்கிடங்குப் பக்கமே நான் போனதில்லம்மா. இருபத்தாறு வருஷம் ஒரு கண்ணாடி ஜாடிக் கம்பெனியில விளம்பரம் எழுதினேன்; பிளாஸ்டிக் வந்து எங்க வியாபாரம் படுத்தப்போ, நீ படிச்சியே, அதை நோட்டீசா முதல்ல அடிச்சு விட்டது நான்தான்.