சின்ன எழுத்தில் வேண்டாம்

இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. என் கையெழுத்து நன்றாக இருக்கும். உங்கள் எழுத்தர் எழுதுவதையும் பார்த்தேன். அதற்கு மருந்துச் சீட்டே தேவலாம்.

பதிப்பகத்தில் மங்கா என்னும் ஜப்பானியப் படக்கதைப் புத்தகங்களுக்கு எழுத்துப் போடுகிறவன் நான். படங்களில் இருக்கும் பேச்சுக் குமிழிகளில் மூல வசனத்தை அழித்துவிட்டு நம் வசனத்தை உட்கார வைக்க வேண்டும். மொழிபெயர்த்துக் கொடுப்பவர் பக்கத்து மேசைக்காரர். எட்டு வருடமாக எங்கள் இருவருக்கும் ஒரே வகைக் கதைகள்தான் வரும். ஆணை ஆண் காதலிக்கும் கதைகள். அதிலும் மூச்சுவிடக்கூட விடாமல் காதலிக்கும் ரகம். பின்தொடர்வான், பூட்டி வைப்பான், கழுத்தைப் பிடிப்பான். நன்றாக விற்கும்.

அவர் ஆண்களை நேசிப்பவர். நானும் அப்படித்தான் என்பது அலுவலகத்தில் அவருக்கு மட்டும் தெரியும்.

"யோவ், இந்தப் பக்கத்தப் பாரு. இவன மாதிரி ஒருத்தன் நமக்கு வாய்ச்சா எப்படி இருக்கும்" என்பார். சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார். நான் ஒருநாளும் சிரித்ததில்லை.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. இந்தக் கதைகளில் அகப்பட்டவன் பக்கத்துக்குப் பக்கம் வேண்டாம், வேண்டாம் என்பான். எல்லா வேண்டாமும் ஒன்றல்ல. மனதார மறுக்கிறான் என்றால் அவர் தாளின் ஓரத்தில் 'பெரிது' என்று பென்சிலால் குறிப்பார். வாய்தான் மறுக்கிறது, மனம் அல்ல என்றால் 'சிறிது'. அதன்படி நான் எழுத்தின் அளவை வைப்பேன். எட்டு வருடத்தில் 'பெரிது' வந்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் எறும்பு அளவுதான்.

போன மாதம் அவர் வேலையை விடுவதாகச் சொன்னார். பல் மருத்துவர் ஒருவரோடு வேறு ஊரில் வீடு பார்த்தாயிற்றாம்.

"தங்கமான மனுஷன்யா. எங்க போற, எப்ப வருவேன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டார்" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு அவர்மேல் பரிதாபம்தான் வந்தது. கேட்காதவனெல்லாம் என்ன மனிதன்.

விடைபெற ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்தார். சேர்ந்து சாப்பிட்டோம். போகாதீர்கள் என்றேன். எட்டு வருடமாகச் சொல்லாததையும் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. என் தோளில் கை வைத்து, "வேணாம்யா. இதெல்லாம் வேணாம்" என்றார், காதோடு ரகசியம் பேசுகிறவர் மாதிரி. நான் தினமும் குமிழிக்குள் வைக்கிற அதே அளவு.

அவர் செருப்பு மாட்டக் குனிந்தபோது சுத்தியலால் வலது கணுக்காலில் அடித்தேன். மூன்றாவது அடியில்தான் எலும்பு முறிந்தது. நாங்கள் சேர்ந்து செய்த ஒரு புத்தகத்தில் ஒரே அடியில் முடிந்துவிடும். வரைந்தவருக்கு அனுபவம் போதாது என்று நினைக்கிறேன்.

பின்னறையில் ஐந்து நாள் வைத்திருந்தேன். கட்டுப் போட்டேன், ஊட்டிவிட்டேன், தலை வாரினேன். ஒரு மகன்கூட அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டான்.

"யோவ், அது கதைய்யா" என்றார் மூன்றாம் நாள். "பிடிக்கலன்னா மூடி வச்சிட்டு எந்திரிச்சுப் போயிடலாம். அந்தத் தைரியத்துலதான படிக்கிறோம்."

"அப்புறம் ஏன் எட்டு வருஷமா நீங்க மூடல?" என்றேன். அவர் அழுதார். துடைத்துவிட்டேன்.

ஆறாம் நாள் மதியம் கீழ்வீட்டுக்குக் குழாய் சரிசெய்ய ஆள் வந்திருந்தார். அந்தச் சத்தம் கேட்டு இவர் தரையில் காலை இழுத்துக்கொண்டே ஜன்னல் வரை போய்க் கத்தினார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை. ஓரத்தில் யாரும் குறித்துத் தர வேண்டியிருக்கவில்லை.

தலையணையை முகத்தில் வைத்து முழங்காலால் அழுத்தினேன். கீழே குழாய்க்காரர் வேலையை முடித்துச் சாமான்களை எடுத்து வைக்கும்வரை எடுக்கவில்லை. இவர் அதற்கு வெகுநேரம் முன்பே அடங்கிவிட்டார். என் மணிக்கட்டில் அவர் பல் பதிந்த இடம் இருக்கிறது. அதற்கு மருந்து போட வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அவர் மனம் தெரியாமல் செய்தாயா என்று கேட்டீர்கள். ஆம் என்று எழுதினால் எனக்கு நல்லதுதான். ஆனால் தெரிந்தது. செருப்பு மாட்டக் குனிந்தபோதே தெரிந்தது.

ஒரே ஒரு வேண்டுகோள். அவருடைய அம்மாவுக்குச் செய்தி சொல்ல ஆள் அனுப்பப் போவதாகப் பேசிக்கொண்டீர்கள். அனுப்பாதீர்கள். அந்தப் பல் மருத்துவரும் போக வேண்டாம். இந்த மாதிரிச் செய்தியை வீட்டு மனிதர் ஒருவர் நேரில் போய்ச் சொல்வதுதான் முறை. நல்ல சட்டை ஒன்று கொடுங்கள். நானே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.