உவன்தான்

சிறைச்சாலைக்குச் சவர்க்காரம் கொண்டுபோவதென்றால் வீட்டிலேயே இரண்டாக வெட்டிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் உள்ளே ஏதும் ஒளித்திருக்கிறதா என்று வாசலில் வெட்டுவார்கள். அந்தக் கத்தி வேறு எதையெல்லாம் வெட்டியதோ. மூன்றரை வருடமாக எங்கள் சபையின் சிறை ஊழியத்தை நடத்துகிறேன். உடுவில் ஹரோல்ட் என்றால் காவலர்களுக்கும் தெரியும்.

ஊழியத்தைத் தொடங்கியதே கோபிசங்கருக்காகத்தான். மேசன் வேலை செய்தவன், சைவக் குடும்பம். மாதம் இரண்டு தடவை அவனைப் பார்ப்பேன். அவன் மனைவி தயாளினிக்கு அரிசி, மகளுக்குக் கொப்பி. பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளையைக் கொலைகாரன் மகள் என்றபோது அதிபரிடம் போய்க் கதைத்தவன் நான். சொந்தக்காரர் ஒருவரும் வரவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாலை கீரிமலை வீதியில் பஞ்சலிங்கம் என்ற முதியவரின் சைக்கிளை ஒரு மோட்டார் சைக்கிள் இடித்தது. சற்றுப் பின்னால் தன் மோட்டார் சைக்கிளில் வந்த கோபிசங்கர் அவரை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். நானும் கூடப் போனேன். அவன் வாயில் சாராயம் மணத்தது.

விசாரிக்க வந்த பொலிஸ் உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாது. கொழும்பில் இருபது வருடம் வேலை செய்த எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அவருக்குப் பக்கத்தில் நின்று அவருடைய கேள்விகளை மொழிபெயர்த்தேன். கோபிசங்கர் கதவடியில் நின்றான்.

"ஐயா, ஆர் இடிச்சது?"

முதியவர் கண் திறந்து உத்தியோகத்தரைப் பார்த்துச் சொன்னார்.

"உவன்தான்."

எங்கள் ஊரார் இந்தச் சொல்லை மாற்றிப் பேசுவதில்லை. சொல்கிறவனுக்குப் பக்கத்தில் நிற்பவன் இவன். தள்ளி நிற்பவன் அவன். கேட்கிறவனுக்குப் பக்கத்தில் நிற்பவன் உவன். சிங்களத்திலும் அதற்குச் சரியான சொல் உண்டு. ஆனால் நான் சிங்களத்தில் 'அதோ அவன்' என்று சொன்னேன். உத்தியோகத்தர் திரும்பிக் கதவடியைப் பார்த்தார். விடியுமுன் முதியவர் இறந்துவிட்டார். கோபிசங்கருக்கு ஐந்து வருடம்.

என் மோட்டார் சைக்கிளை அடுத்த வளைவில் நிறுத்திவிட்டு நடந்து திரும்பி வந்திருந்தேன். நான் ஓடிப்போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பயமாக இருந்தது, அவ்வளவுதான். நான் சபையில் மூப்பர். என் பெயர் கெட்டால் சபையின் பெயரும் கெடும். அவனோ குடிகாரன். சிறைக்குப் போனதால் குடியை விட்டான்.

இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. அவனுக்குச் சுவாசப்பையில் புற்றுநோய், மூன்று மாதம் தாங்கினால் பெரிது என்கிறார் வைத்தியர்.

"வீட்டிலை கிடந்து சாகவாவது விடச் சொல்லி ஒரு கடிதம் எழுதித் தாங்கோ ஐயா" என்று தயாளினி என் காலடியில் இருந்து அழுதாள். நல்ல சிங்களத்தில் இரக்க மனு எழுதினேன். கிடைக்கவில்லை. வேறொரு கடிதம் எழுதியிருந்தால் கிடைத்திருக்கும்தான்.

போன கிழமை அவன் கேட்டான்.

"ஐயா, அந்தக் கிழவர் 'உவன்' எண்டுதானே சொன்னவர்?"

"இல்லைத் தம்பி. 'அவன்' எண்டவர். உனக்கு அண்டைக்குக் குடிவெறி."

அவன் கம்பியில் நெற்றியைச் சாய்த்தான்.

"அப்ப நான்தான் இடிச்சுப்போட்டு மறந்திட்டன் போலை. இவ்வளவு நாளும் இல்லையெண்டு சாதிச்சுப்போட்டன். கடவுள் மன்னிப்பாரே?"

"ஓம். பாவத்தை ஒத்துக்கொண்டால் மன்னிப்பார்."

கம்பிக்குள்ளால் கைவிட்டு அவன் தலையைத் தொட்டு ஜெபித்தேன். இரண்டு பேருமே அழுதோம். ஞாயிற்றுக்கிழமை அவன் மனந்திரும்பியதைச் சபையில் சாட்சியாகச் சொன்னபோது தயாளினியும் வந்திருந்தாள். தலை குனிந்திருந்தாள். தன் புருஷன் குற்றவாளி என்று அன்றுதான் முதன்முதலாக நம்பினாள்.

பஞ்சலிங்கத்தை இடித்தவன் நான். அதை மறுக்கவில்லை. ஆனால் அன்று எனக்குச் சிங்களம் தெரியாமல் இருந்திருந்தால் கோபிசங்கரின் ஆத்துமாவை யார் காப்பாற்றியிருப்பார்கள்?