அசையாத முள்ளின் பழியைத் தம்மேல் ஏற்ற மோசஸ் அவர்களுக்கு

பாலாற்றங்கரைத் தோல் தொழிலில் பாதி வாழ்நாளைப் பதித்தவரே! எஞ்சினின் இருமலைக் கேட்டே அதன் நோவை இனங்கண்டவரே! எண்ணெய் படிந்த கரமும் எவருக்கும் பணியாத நாவும் கொண்ட எங்கள் மோசஸ் மேஸ்திரி அவர்களே! முப்பத்தோராண்டுப் பணி முடித்து, இன்று மாலை எங்கள் தொழிற்சாலையின் வாயிலைக் கடக்கவிருக்கும் தங்களுக்குத் தொழிலாளர்கள் நாங்கள் தலை தாழ்த்தி அளிக்கும் மடல் இது.

மடல் என்றால் மலர் தூவுவதும், முள் இருந்தால் மூடி மறைப்பதும் வழக்கம். நானும் அப்படி எழுதிப் பழகியவள்தான். ஆனால் இம்முறை எழுதுவது நான் என்று கேள்விப்பட்டதும், நான் தோல் தரம் பிரிக்கும் மேசைக்கே வந்து, "ஹேமலதா, பஞ்சாட்சரத்தை உட்டுட்டு எழுதறதா இருந்தா எழுதவே எழுதாதம்மா" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். ஆகவே விடாமல் எழுதுகிறேன். இனிப்புப் பொட்டலத்தோடு அமர்ந்திருக்கும் விருந்தினர்கள் பொறுத்தருள்க.

பட்டறையின் பெருந்தகையே! முதலாளியின் தந்தையார் வாங்கிய, மூக்கு நீண்ட அந்தப் பழைய லாரியை இன்றுவரை ஓடவைத்திருப்பது தங்கள் உழைப்பே. உதிரிப்பாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது; கிடைத்ததைத் தேய்த்து, கிடைக்காததைக் கடைந்து பொருத்தினீர்கள். தோல் பதனிடக் கடுக்காய் ஏற்றிவர ஆலங்காயம் தாண்டி மலையேறும் வேலை அந்த லாரிக்கு. அதை ஓட்டும் வேலை பஞ்சாட்சரம் அண்ணனுக்கு.

கசிவின் கடும்பகைவரே! எங்கள் ஆலையில் கசிவைப் போலக் குற்றம் வேறில்லை. சுண்ணாம்பு நீரோ அமில நீரோ ஒரு சொட்டு வெளியே போனால் ஊரே வாசலில் நிற்கும். அதனால் குழாயின் ஒவ்வொரு மூட்டிலும் வெள்ளை டேப்பைச் சுற்றி முறுக்குவது இங்கே எல்லோர் கையிலும் ஊறிய பழக்கம். "ரெண்டு சுத்து போதும்னு தோணுதா? மூணாவதும் சுத்து" என்று எங்களுக்குக் கற்பித்தவரே தாங்கள்தான். அந்தக் கைப்பழக்கம்தான் ஆறாண்டுகளுக்கு முன் ஓர் உயிரைக் கொண்டுபோயிற்று.

அந்தச் சித்திரையில், எஞ்சின் சூட்டை அறிந்து மீட்டருக்குச் சொல்லும் சென்சாரில் நீர் கசிந்தது. தாங்கள் புதிதாக ஒன்று மாட்டினீர்கள். மறுநாளே லாரி மலையேறியது. பாதி ஏற்றத்தில் ஒரு ரப்பர் குழாய் விரிசல் விட்டு, ரேடியேட்டர் நீர் ஒழுகியதை எவரும் அறியவில்லை. மெல்லிய ஆவி கிளம்பவே பஞ்சாட்சரம் அண்ணன் வண்டியை நிறுத்தி மீட்டரைப் பார்த்தார். முள் அடியில் கிடந்தது. முள் அடியில் இருந்தால் மட்டுமே ரேடியேட்டர் மூடியைத் தொடலாம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் தாங்களே. சொன்னபடியே செய்தார், மூடியைத் திறந்தார். கொதிநீர் முகத்திலும் மார்பிலும் பீறிட்டது. மருத்துவமனையில் சில நாள் துடித்து இறந்துபோனார்.

விசாரணை நடந்தது. உடன் சென்ற சுமை தூக்கும் முனிரத்தினம், "முள்ளு கீழதான் சார் இருந்துச்சு, நானும் பாத்தேன்" என்று மன்றாடினார். சென்சாரிலிருந்து ஒயரைக் கழற்றி எஞ்சினின் இரும்பில் தொட்டுக் காட்டச் சொன்னார்கள். தாங்கள் தொட்டீர்கள், முள் உச்சிக்குத் தாவியது. மீட்டர் சரி, ஒயர் சரி, சென்சாரோ புதியது, முனிரத்தினம் பொய்யர், பஞ்சாட்சரம் கவனக்குறைவால் மாண்டார் என்று முடிவாயிற்று. தன் தவறால் செத்தவன் மனைவி என்ற பேரோடு சுந்தரி அக்கா இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்பினார்.

அத்தோடு முடித்திருக்கலாம் தாங்கள். முடிக்கவில்லை. முனிரத்தினம் பொய் சொல்லும் ஆளில்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுபடியும் லாரியின் மூக்கைத் திறந்தீர்கள். சென்சாரைக் கழற்றி, கேன்டீன் பாத்திரத்தின் கொதிநீரில் அமிழ்த்தி, அதன் உடம்பில் ஓர் எர்த் ஒயரைக் கட்டிப் பார்த்தீர்கள், முள் ஏறியது. திரும்ப எஞ்சினில் முறுக்கி, கை வைக்க முடியாத சூடு வரும்வரை ஓடவிட்டீர்கள். முள் அசையவே இல்லை. வெளியே வேலை செய்வது உள்ளே ஏன் செய்யவில்லை? மீண்டும் கழற்றினீர்கள். மரையில் வெள்ளை டேப், மூன்று சுற்று, தங்கள் கைச் சுற்று. மரை இரும்பைத் தொட்டால்தான் அந்தச் சென்சாருக்கு எர்த் கிடைக்கும். கசியக்கூடாது என்று சுற்றிய டேப் அதை எஞ்சினைத் தொடவே விடவில்லை. டேப்பை உரித்து முறுக்கியதும் முள் தானாக ஏறியது.

அப்போது பட்டறையில் வேறு எவரும் இல்லை. உரித்த டேப்பைக் குப்பையில் போட்டிருந்தால் கேட்பார் இல்லை. தாங்களோ அதைக் கையில் ஏந்தி அலுவலகத்துக்கு நடந்தீர்கள். "இதைச் சுத்துனது நான்தாங்க. பஞ்சாட்சரம் மேல தப்பே இல்ல, முனிரத்தினம் சொன்னது நெசம்" என்றீர்கள். எங்களில் சிலரே, "இன்னாண்ணே, வாய வெச்சிக்கினு சும்மா இருக்கக் கூடாதா? நீயே போய் மாட்டிக்கினியே" என்று கடிந்தார்கள். தங்கள் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை.

வாய்மையின் வடிவே என்று இங்கே எழுத வேண்டும். எழுதுகிறேன், ஆனால் அந்த வாய்மைக்கு என்ன கிடைத்தது என்பதையும் எழுதுகிறேன். விசாரணை அறிக்கையில் கவனக்குறைவு என்ற சொல் அடித்து நீக்கப்பட்டது. மேஸ்திரி என்ற பதவியும் பறிக்கப்பட்டது. கழிவுநீர்ப் பம்பு அறையில், நாற்றத்துக்கும் இரைச்சலுக்கும் நடுவே, எஞ்சிய ஆண்டுகளைக் கழித்தீர்கள். பழைய லாரியை இப்போது ஓட்டும் ஆபித் பாஷா, முள் ஏறுவதைக் கண்ணால் பார்க்காமல் வாயிலைத் தாண்டுவதில்லை. அந்த லாரியில் மாலை மரியாதையோடு இன்று தங்களை வீட்டில் விட விரும்பினோம். "வேணாம்பா, அது பஞ்சாட்சரம் ஓட்டுன வண்டி. நான் பஸ்லயே போய்க்கிறேன்" என்றீர்கள். எங்களுக்கு நெஞ்சு வலிக்கத்தான் செய்கிறது.

பேரன்புக்குரியவரே! இந்த மடலைச் சட்டமிடும் முன், சுந்தரி அக்காவுக்குப் படித்துக்காட்டினேன். ஓரம் வெட்டும் பிரிவில் அவர் வேலைக்குச் சேர்ந்து ஆறாண்டு ஆகிறது. தினமும் ஒரே வாயிலில் எதிர்ப்பட்டும் தாங்கள் இருவரும் ஒரு சொல் பேசியதில்லை. முழுதும் கேட்டார். கத்தியைக் கீழே வைத்தார்.

"நூறு வருஷம் நல்லா இருங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல ஹேமா. வரவும் வராது. ஆனா எம் புருஷன் பேர்ல ஒட்டுன பழிய எடுத்து இந்த மனுஷன் தன் மேல போட்டுக்கினாரு. எம் புள்ளைங்க ஸ்கூல்ல தலை நிமிந்து நடக்குதுங்க. அது வரைக்கும் எழுது. அதுக்குக் கீழ மொத கையெழுத்து நான் போடறேன்" என்றார்.

ஆகவே அவர் கையெழுத்தை அங்கேயே வாங்கிவிட்டோம். உடல் நலமும் உறக்கமும் குன்றாமல் தாங்கள் நெடுநாள் வாழ வேண்டும் என்ற வாழ்த்து, அதற்குக் கீழே ஒப்பமிட்ட மற்ற அனைவருடையது.

என் பிள்ளைகள் தலை நிமிர்ந்து நடப்பதற்காக,
சுந்தரி பஞ்சாட்சரம்

வாழ்த்தி விடைகொடுக்கும்,
முனிரத்தினம், ஆபித் பாஷா, ஹேமலதா
மற்றும் தொழிற்சாலைத் தொழிலாளர்கள், ஆம்பூர்