பன்னிரண்டாவது நாற்காலி

ஆண்டு விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் ஆயர் ராபர்ட் ஐயா அவர்களே! சபைச் சங்கத்துச் சான்றோர்களே! பந்தல் நிறையப் பரிவோடு வந்திருக்கும் தாய்மார்களே! கடலூர்ப் பெருமக்களே! வணக்கம்.

நெற்றியில் நீறு பூசிய சிதம்பரத்துத் தமிழாசிரியன் சுப்பராயலு நான். எனக்குப் ‘பணிவு’ என்று தலைப்புக் கொடுத்தார் ஆயர். இந்தச் சபையில் நடந்ததையே பேசவா என்று கேட்டேன். “பேசுங்க சார், ஒண்ணயும் மறைக்காதீங்க” என்றார். அங்கே யார் தொண்டையைக் கனைப்பது? அஞ்சாதீர்கள், உங்கள் பெயர் வராது!

நடந்தது என்ன? பெரிய வியாழன். சீடர்களின் பாதங்களை இயேசு கழுவிய நாள். அதே போல ஆயரும் மண்டியிட்டுப் பன்னிரண்டு பேர் பாதம் கழுவ வேண்டும். பதினொரு பேர் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, பவுடரும் பூசி வந்துவிட்டார்கள்! கழுவப்போகும் காலை எதற்கய்யா கழுவிக்கொண்டு வந்தீர்கள்? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பன்னிரண்டாமவர் வரவில்லை. குடிகாட்டுப் பக்கம் ஒரு சாய ஆலையில் ஒப்பந்தக் கூலியாக இருக்கும் கொளஞ்சி, ஷிப்ட் முடிந்து நேராக வந்தவர், காலி நாற்காலியில் அமர்ந்தார். பாதமெல்லாம் நீலச் சாயம். கையில் தண்ணீர்ச் செம்போடு ஆயர் சொன்னார்: “போயி கால் கழுவிட்டு வாப்பா.”

யார் சொன்னது? கால் கழுவ வந்தவர் சொன்னது! கொளஞ்சி எழுந்தார், போனார், திரும்பவில்லை. யாரோ செல்போனில் படம் பிடித்துவிட்டார்கள். விடிவதற்குள் அது சிதம்பரத்துக்கே வந்துவிட்டது.

கொளஞ்சியின் மகள் அனுப்பிரியாவுக்குக் கல்யாணம் நெருங்கியிருந்தது. அதற்கு முன் மூன்று ஞாயிறு சபையில் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்க வேண்டும். “ஓலையும் வேணாம், கோயிலும் வேணாம். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முடிச்சிக்கறேன்” என்றார் தகப்பனார். பாடகர் குழுவில் பாடி வளர்ந்த அந்தப் பெண் அழுதபடியே இருந்தாள்.

ஆயர் சால்வையோடு, சங்கத்தாரோடு, இரண்டு காரில் போனார். கொளஞ்சி வாசலிலேயே சொன்னார்: “சால்வ வேணாங்க ஐயா. அன்னிக்கு எல்லார் எதிர்லயும் சொன்னீங்க. இன்னிக்கு எங்க ஊட்ல வந்து மெதுவா சொல்றீங்க.”

சங்கத்தார் அறிக்கை எழுதினார்கள்: ‘எவர் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்.’ ஆகா, என்ன அழகு! இதில் தவறியவர் எங்கே? தவித்தவர் எங்கே?

ஞாயிறன்று ஆயர் அதை வாசிக்காமல் மடித்துப் பையில் வைத்தார். பிரசங்க மேடையை விட்டு இறங்கினார். “அந்தச் சாயம் பட்ட காலப் பார்த்து அருவருத்தேன். அது என் பாவம். கொளஞ்சி அண்ணன் கிட்ட மன்னிப்பு கேக்கறேன்” என்றார். கொளஞ்சி அங்கே இல்லை. கடைசி வரிசையில் இருந்த அவர் மனைவி மங்கலம் வீட்டுக்குப் போய்ச் சொன்னார்.

மறுவாரம் கொளஞ்சி வந்தார். அறிவிப்பு நேரத்தில் எழுந்தார். “ஓலைய வாசிங்க ஐயா, பொண்ணு ஆசப்படுது. ஆனா மன்னிச்சிட்டேன்னு சொல்ல இன்னும் வாய் வரல.”

சங்கத்தாரில் ஒருவர் சீறி எழுந்தார். “உக்காருங்க. அவர் சொல்றது நியாயம்” என்று தடுத்த ஆயர், ஓலையை வாசித்தார்.

பெரியோர்களே! மன்னிப்புக் கேட்கப் பலருக்குத் தெரியும். கேட்டபின் ‘கொடு’ என்று அவசரப்படுத்தாமல் இருக்க எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. அதைப் பார்க்கத்தான் பஸ் ஏறி வந்தேன். கல்யாணம் முடிந்து நான்கு மாதம். இன்று காலையும் ஆயரைக் கேட்டேன்: “சொல்லிட்டாரா?”

“இன்னும் இல்ல சார். வாராவாரம் வர்றாரு. நான் கும்பிடறேன், அவரும் கும்பிடறாரு.”

தம் தவறைத் தம் தலைமையிலேயே பேசவிட்ட ஆயருக்கு நன்றி. செவிகொடுத்த உங்களுக்கும் நன்றி. “சொல்லுங்க சார், நானும் கேக்கறேன்” என்று சம்மதித்து, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் கொளஞ்சி ஐயாவுக்கு என் வணக்கம்.