ஆடி மாத விறகு

ஆடி மாதத்தில் காய்ந்த விறகு கிடைப்பது கடினம் ஐயா. கரமனையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மழை விட்டுவிட்டுப் பெய்யும். கடைக்காரன் நனைந்த கட்டையைத்தான் தலையில் கட்டப் பார்ப்பான். நான் அலைந்து, காய்ந்த மாங்கட்டையாக வாங்கிப் பின்கட்டில் அடுக்கினேன். நீங்கள் கேட்கிற விஷயம் அந்த விறகால் வந்ததுதான்.

திரவியம் என் சித்தப்பா மகன். விஷக்காய்ச்சல் கண்டு எழுந்தபின் அவனுக்குப் புத்தி நிலைகொள்ளவில்லை. சாலைக் கடைத்தெருவில் அவனுக்குக் கடைகள் இருந்ததால், கோர்ட்டு என்னை அவனுக்குக் கார்டியனாக நியமித்தது. அரிசி மண்டிக் கணக்குப்பிள்ளை வேலையை விட்டு அவன் வீட்டிலேயே குடியேறினேன். அவனுக்கு ஆகும் செலவைப் பில் வைத்து அவன் சொத்திலிருந்து வாங்கிக்கொள்ளலாம். என் உழைப்புக்கும் படி வேண்டுமென்று மனுக் கொடுத்தேன். ஜட்ஜி அவனை நேரில் பார்த்தார். திரவியம் அவரைக் கும்பிட்டு, மேஜைமேல் ஊர்ந்த எறும்பைத் தாளில் ஏந்தி ஜன்னலில் விட்டான்.

"ஆளு சாந்தமாத்தானே இருக்கார், பகவதிப்பெருமாள்? பின்னே உமக்குப் படி எதுக்கு? முரட்டு ஆளா இருந்தா அது வேறே."

அவர் சொன்னது நியாயம். மற்றக் கார்டியன்கள் வராத வைத்தியருக்குப் பில் வாங்குவார்கள். எனக்கு அது பாவமாகப் பட்டது. முரடன் என்று எழுத வேண்டுமானால் அவன் முரடனாக இருக்க வேண்டும். ஆகவே அவனைத் தூணில் கட்டித் தண்ணீர் கொடுக்காமல் வைத்தேன். அவிழ்த்தபோது என்மேல் பாய்ந்தான். எழுதிக்கொண்டேன். அடுத்த முறை கோர்ட்டுக்குப் புறப்படுமுன் அவன் தொடையில் சூடு வைத்தேன். ஜட்ஜியின் முன்னால் அலறினான். படி கிடைத்தது.

வைத்தியச் செலவும் அப்படித்தான். காயமில்லாமல் கட்டுப்போட்டதாக எழுதுவது பொய். அவன் இடது கையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினேன். இரண்டு விரல்கள் போயின. 'கதவில் கை நசுங்கியது' என்று எழுதினேன். அதில் பொய் எங்கே? பில்லைக் கேட்டார்கள், கதவைச் சாத்தியது யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

சமையலுக்கு இருந்த முத்தாரம்மாள் எங்களுக்குத் தூரத்து உறவு. அவள் கஞ்சியை ஆற்றி அவனுக்கு ஊட்டுவாள். தலைக்கு எண்ணெய் தேய்ப்பாள்.

"அண்ணாச்சி, இது பைத்தியம் பிராந்து ஒண்ணும் இல்லே, பயம். அவனை அடிக்காதேயும்," என்றாள் ஒருநாள்.

"நீ என்ன பெரிய வைத்தியரோ? போய் உலையைப் பாரு."

"உம்ம வைத்தியர் பில்லு எழுதட்டும். நான் ஒரு கை எண்ணெயிலே தெளிய வைக்கேன், பாத்துக்கிடும்."

ஆனி கடைசியில் அவன் கைப்புண் சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டது. பிழைக்கமாட்டான் என்றார் வைத்தியர். அதை நம்பித்தான் விறகு வாங்கினேன். ஆடியோடு மலையாளக் கணக்கில் கொல்லம் வருஷம் முடியும், கோர்ட்டுக் கணக்கும் முடியும். 'ஈமக்கிரியைக்கு விறகு' என்று எழுதிப் பில்லை முன்கூட்டியே கோர்ட்டில் கொடுத்துவிட்டேன்.

முத்தாரம்மாள் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கரண்டி கரண்டியாகக் கஞ்சி. "குடிடா மக்களே, இன்னும் ஒரு மடக்கு." காய்ச்சல் இறங்கியது. புத்தியும் தெளிந்தது. கடை வாடகை வந்ததா என்று என்னைக் கேட்டான். அவள் ஒரு வக்கீலைப் பிடித்து மனுப் போட்டாள். ஜட்ஜி அவனைப் பார்க்க நாள் குறித்தார். அவர் அவனைத் தெளிந்தவன் என்று சொல்லிவிட்டால் அவன் சொத்தும் வீடும் அவன் கைக்குப் போய்விடும். எனக்கு அதுகூடப் பெரிதில்லை. உயிரோடிருப்பவனுக்கு ஈமவிறகு என்று எழுதியிருந்தேனே, என் கணக்கில் அது முதல் பொய் ஆகிவிடும்.

கோர்ட்டுக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின மத்தியானம், அவன் பேரில் அர்ச்சனை செய்ய அவள் கோவிலுக்குப் போயிருந்தாள். நான் பின்கட்டிலிருந்து ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். திரவியம் மூன்று விரல் கையால் ஒரு ரசகதலி வாழைப்பழத்தை நீட்டினான்.

"அண்ணே, நீரு காலையிலேருந்து ஒண்ணும் திங்கல்லியே. அக்கா ரெண்டு தந்தா. இது உமக்கு."

அடித்தவனுக்குப் பழம் எடுத்து வைக்கிறவனைத் தெளிந்தவன் என்று எந்தக் கோர்ட்டு சொல்லும்? அப்படியானால் அவன் இன்னும் என் பொறுப்புதான், அவன் கணக்கை முடிப்பதும் என் வேலைதான். என் மனத்தில் இருந்த கொஞ்சம் தயக்கமும் போயிற்று.

மாங்கட்டை காய்ந்தால் கனம் குறைந்துவிடும். அதனால் ஒரே அடியில் முடியவில்லை. முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினான். அந்தக் கை ஒடிந்தது. மண்டை பிளக்கும்வரை 'அண்ணே' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். கட்டையைத் திரும்ப அடுக்கில் வைத்தேன். வீணாக்கக் கூடாது அல்லவா?

தலையில் அடிபட்டு இறந்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். அதுவும் உண்மை. காலையில் தான் எண்ணெய் தேய்த்துவிட்ட தலையில் மாம்பட்டைத் துணுக்குகள் ஒட்டியிருந்ததை முத்தாரம்மாள் பார்த்திருக்கிறாள். சிதை எரியும்போதே போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் ஓடிவந்துவிட்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு விண்ணப்பம். விறகுச் செலவைக் கோர்ட்டு தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவனுக்காக வாங்கியது, அவனுக்கே எரிந்தது. அவன் தந்த பழம் அந்த அறையிலேயே கிடக்கும். எனக்கு நல்ல பசி. ஆனாலும் தொடவில்லை ஐயா. அது அவன் சொத்து.